கழற்றிய உறை

கடைசித் தோட்டாவை போல்ட் முன்னே தள்ளி அறைக்குள் ஏற்றும் அந்த நொடியில், சீனாவின் ஹன்யாங் துப்பாக்கியின் அடிவயிற்றிலிருந்து ஒரு சின்னத் தகடு நழுவி மண்ணில் விழும். ஐந்து தோட்டாக்களையும் இதுவரை சேர்த்துப் பிடித்திருந்த எஃகுக் கிளிப் அது. அதை வெளியே தள்ள ஸ்பிரிங் கிடையாது, நெம்புகோல் கிடையாது. மேகசினின் அடிப்பக்கத்தில் ஒரு திறப்பு, அவ்வளவுதான். உள்ளே தோட்டாக்கள் இருக்கும்வரை, கீழிருந்து அவற்றை உந்தும் மெல்லிய கை ஒன்று கிளிப்பையும் சேர்த்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு கொக்கி அதை மேலே எழும்பவிடாமல் பிடித்திருக்கும். கடைசித் தோட்டா போனதும் அழுத்தமும் போய்விடுகிறது. மிச்ச வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. ஒரு பொறிக்குள் எதையும் சேர்க்காமல், ஒரு திறப்பை மட்டும் விட்டுவைத்துக் காரியத்தை முடிப்பது என்பது எல்லா வடிவமைப்பாளருக்கும் வாய்ப்பதில்லை.

அந்தக் கிளிப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னொரு நயம் புலப்படும். அதற்கு மேல் கீழ் கிடையாது. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஏற்றுக்கொள்ளும். இதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய ஆஸ்திரிய மான்லிஷர் கிளிப்பை ஒரு பக்கமாகத்தான் செருக முடியும். இருட்டில், குளிரில் விறைத்த விரல்களோடு, குண்டுகள் பறக்கும்போது எது மேல் எது கீழ் என்று தடவிப் பார்க்கும் வேலையை யாரோ ஒருவர் முன்கூட்டியே யோசித்து நீக்கியிருக்கிறார்.

இந்த யோசனை சீனாவில் பிறந்ததல்ல. 1886இல் பிரான்ஸ் புகையில்லா வெடிமருந்தில் இயங்கும் லெபெல் துப்பாக்கியைக் கொண்டுவந்ததும் ஜெர்மனி பதறியது. அவசரமாக ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு புதிதாக ஒன்றைச் சிந்திப்பதைவிட, கிடைத்த நல்ல பகுதிகளையெல்லாம் திரட்டி ஒன்றாகப் பொருத்தியது. மேகசின் மான்லிஷருடையது. குழலைச் சுற்றிய உலோக உறை மீக் என்ற அதிகாரியின் யோசனை. போல்ட், ஸ்பாண்டாவ் ஆலையைச் சேர்ந்த ஷ்லேகல்மில்ஷ் அமைத்தது. குழலுக்குள் ஓடும் வரிகளுக்கு லெபெல்லே முன்மாதிரி. ஜெர்மனியின் பெயர்பெற்ற துப்பாக்கி வித்தகர் பால் மௌசரை மட்டும் ஓரமாக விட்டுவிட்டார்கள். இப்படிப் பிறந்ததுதான் 1888ஆம் ஆண்டு மாதிரி. மௌசர் அமைதியாகத் தன் வழியில் உழைத்து, 1898இல் அதைவிடச் சிறந்த ஒன்றைக் கொண்டுவந்தார். பத்தே ஆண்டில் ஜெர்மானியப் படையின் முன்வரிசையிலிருந்து 1888 மாதிரி பின்னுக்குப் போகத் தொடங்கியது.

ஆனால் யாங்சி ஆற்றங்கரையில் அதன் வாழ்க்கை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அங்கே அதை ஹன்யாங் துப்பாக்கியாக 1944 வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, விடாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

அதற்கு வித்திட்டவர் துப்பாக்கி பிடித்தவரல்ல. ஜாங் ஜிதோங் பழைய முறையில் படித்த அறிஞர். 1863இல் பேரரசின் உச்சத் தேர்வில் மூன்றாம் இடம் பெற்றவர். தெற்கே குவாங்தோங்கில் ஆளுநராக இருந்தபோது 1884-85இல் பிரான்சோடு நடந்த போரைக் கிட்டத்தில் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஆயுதம் போர்க்காலத்தில் வந்துசேராது என்ற பாடம் அவருக்குள் பதிந்தது. 1889இல் ஹூபே, ஹூனான் மாகாணங்களுக்கு மாற்றலானபோது, தம் தொழிற்சாலைத் திட்டங்களையும் கையோடு கொண்டுபோனார். ஹன்யாங்கில் ஆமைக் குன்றின் அடிவாரத்தில் இரும்பு ஆலையும் படைக்கலச் சாலையும் அக்கம்பக்கமாக எழுந்தன. பெர்லினின் லோவே நிறுவனத்திடமிருந்து இயந்திரங்கள் வந்தன. 1894இல் தீவிபத்து ஒன்று பெரும்பகுதியைப் பொசுக்கியது. அதே ஆண்டு ஜப்பானோடு போர் மூண்டது. துப்பாக்கிகள் 1895இல்தான் வெளிவரத் தொடங்கின. எந்தப் போருக்கு வேண்டியிருந்ததோ அது முடிந்துபோயிருந்தது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்த உறை.

மூல ஜெர்மானிய மாதிரியில் குழலைச் சுற்றி மெல்லிய எஃகுக் குழாய் ஒன்று போர்த்தியிருக்கும். குழலுக்கும் உறைக்கும் நடுவே காற்றிடைவெளி. சுடச்சுடக் குழல் சூடேறி நீளும். மரத்தில் நேரடியாக அமர்ந்திருந்தால் மரம் அதை ஒரு பக்கமாக நெருக்கும், குறி மாறும். உறைக்குள் சுதந்திரமாக இருந்தால் மாறாது. வீரனின் இடது கையும் சுடாது. கேட்கும்போது தலையாட்டத் தோன்றும் யோசனை. நடைமுறையில் அது படுத்திய பாடு பெரிது. மழைத்தண்ணீர் அந்த இடைவெளிக்குள் இறங்கினால் வெளியே வர வழியில்லை. கழற்றாமல் துடைக்கவும் முடியாது. குழலின் வெளிப்புறம் கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும். மெல்லிய உறை எதிலாவது மோதினால் நெளியும். குறிபார்க்கும் முன்முளையும் பின்பலகையும் குழலில் இல்லை, உறையின் மேல்தான் பொருத்தப்பட்டிருந்தன. உறை நெளிந்தால் குறியும் போச்சு. தொழிற்சாலையின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இன்னும் மோசம்: நீளமான, மெல்லிய, சீரான குழாயைச் செய்வது எளிதான வேலையல்ல.

ஹன்யாங்காரர்கள் 1904 வாக்கில் அந்த உறையைத் தூக்கி எறிந்தார்கள். குறிக்காட்டிகளைக் குழலுக்கே மாற்றினார்கள். கை சுடாமல் இருக்கக் குழலின் மேல் ஒரு மரக்காப்பு வைத்தார்கள். இவ்வளவுதான் மாற்றம். ஆனால் இந்த மாற்றத்தில் தெரியும் துணிவை நான் ரசிக்காமல் கடந்ததில்லை. அயலாரின் பொறியைப் படியெடுப்பவர்கள் பொதுவாக அதன் ஒவ்வொரு திருகையும் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள்; ஏன் இருக்கிறது என்று புரியாத ஒன்றை நீக்கப் பயப்படுவார்கள். எதை நீக்கலாம் என்று தெரிந்துவிட்டால் அங்கே படியெடுப்பு முடிந்து புரிதல் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த மரக்காப்பைப் பார்க்கும்போதெல்லாம், ஹன்யாங் பட்டறையில் ஜெர்மானிய வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து, இது நமக்கு எதற்கு என்று முதலில் கேட்ட கைவினைஞரை நினைத்துக்கொள்வேன். அவர் யார் என்று வரலாறு குறித்துவைக்கவில்லை.

ஆனாலும் குறைகளை மறைத்துப் பாராட்டுவது பாராட்டாகாது. கிளிப் விழும் அந்த அடித்திறப்பு வழியே சேறும் மணலும் உள்ளே ஏறும். முதல் உலகப் போரில் பழைய 1888 துப்பாக்கிகளை மீண்டும் எடுத்துப் பயன்படுத்திய ஜெர்மானியர்கள் அந்தத் திறப்பைத் தகடு வைத்து மூடினார்கள். கிளிப் இல்லாவிட்டால் மேகசின் வெறும் பெட்டி. ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட வேண்டியதுதான். போல்ட்டின் தலைப்பகுதி தனியாகக் கழலக்கூடியது. துடைக்கும்போது அது தொலைந்துபோகலாம். அது இல்லாமலும் போல்ட்டைப் பூட்டிவிட முடியும் என்பது ஆபத்தின் உச்சம். ஐந்து தோட்டாக்களும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்பதால் மேகசின் ஆழமாகி, விசைக்காப்புக்கு முன்னால் கீழே துருத்திக்கொண்டிருக்கும். துப்பாக்கியை நடுவில் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அது இடைஞ்சல். தூரத்திலிருந்தே ஹன்யாங்கை அடையாளம் காட்டுவதும் அந்தத் துருத்தல்தான்.

தோட்டாவிலும் பழைமையின் சாயல் உண்டு. 1888ஆம் ஆண்டுத் தோட்டாவின் குண்டு மொட்டைமூக்கு. எடை பதினான்கு கிராமுக்கும் மேல். வேகம் நொடிக்கு அறுநூறு மீட்டரைச் சற்றே தாண்டும். 1905 வாக்கில் ஜெர்மனி கூர்மூக்குக் குண்டுக்கு மாறியது: எடை சுமார் பத்து கிராம், வேகம் எண்ணூறைத் தாண்டியது, விட்டமும் நூலளவு கூடியது. இரண்டுக்கும் வித்தியாசம் மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான். பார்த்தால் தெரியாது; பழைய குறுகிய குழலுக்குள் புதிய குண்டைச் செலுத்தினால் அழுத்தம் ஏறுவது மட்டும் தெரியும். சீனாவிலோ மொட்டைமூக்கு, கூர்மூக்கு இரண்டும் ஒரே காலத்தில் புழங்கின.

ஹன்யாங்கின் எடை நான்கு கிலோவுக்குச் சற்று மேல், நீளம் ஒன்றே கால் மீட்டர். அதைச் செய்த சாலை விரைவிலேயே ஒரு புரட்சியின் நடுவில் நின்றது. 1911 அக்டோபர் 10ஆம் நாள் இரவு ஊச்சாங்கில் பேரரசின் புதிய படையைச் சேர்ந்த பொறியாளர் பட்டாளம் கிளர்ந்தெழுந்தபோது முதலில் கைப்பற்றியது ஆயுதக் கிடங்கைத்தான். அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் ஆற்றுக்கு அக்கரையில் ஹன்யாங் படைக்கலச் சாலையும் கிளர்ச்சியாளர் வசமானது. பேரரசைக் காக்கவென்று ஜாங் ஜிதோங் கட்டிய சாலை அந்தப் பேரரசைக் கவிழ்ப்பவர்களுக்கு ஆயுதம் கொடுத்தது. அவர் இதைக் காணாமல் 1909இலேயே கண்மூடிவிட்டார். நவம்பர் 27இல் பேரரசுப் படை ஹன்யாங்கை மீட்டுக்கொண்டது உண்மை. ஆனால் அதற்குள் மாகாணம் மாகாணமாகக் கை நழுவிப்போயிருந்தது.

பிறகு போர்த்தலைவர்களின் காலம். அதைப் பற்றி இங்கே நீட்டி எழுத ஒன்றுமில்லை: எல்லாத் தரப்பும் எல்லாத் தரப்பையும் ஹன்யாங்கால் சுட்டது.

1935இல் ஒரு போட்டியாளர் வந்தார். ஹெனான் மாகாணத்துக் கோங்சியன் படைக்கலச் சாலை, மௌசரின் நவீனமான குறுந்துப்பாக்கி மாதிரியைப் படியெடுத்துச் செய்யத் தொடங்கியது. குடியரசு ஆண்டு 24 என்பதால் முதலில் '24ஆம் ஆண்டு மாதிரி' என்றே பெயர். பிறகு குடியரசின் தலைவர் சியாங் கை ஷேக்கின் இன்னொரு பெயரான ஜோங்ஜெங் அதற்குச் சூட்டப்பட்டது. மேல்வளையத்தில் அந்தப் பெயரையும் குடியரசு ஆண்டையும் செதுக்கியிருப்பார்கள். ஆண்டோடு 1911ஐக் கூட்டிக்கொண்டால் நம் கணக்கு வந்துவிடும்.

பொறியமைப்பில் ஜோங்ஜெங் எல்லா வகையிலும் மேலானது என்பதில் ஐயமில்லை. தோட்டாக்கள் உள்ளே வலமும் இடமுமாக மாறிமாறி அமர்வதால் மேகசின் மரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கீழே எதுவும் துருத்தாது. மேலிருந்து கிளிப்பை வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. தோட்டாக்கள் இறங்கிவிடும், கிளிப் வெளியே நின்றுவிடும். கிளிப் இல்லாவிட்டாலும் ஒவ்வொன்றாக நிரப்பலாம். காலியான கூட்டைப் பிடித்திழுக்கும் நீண்ட நகம், போல்ட்டுக்குக் காவலாக நிற்கும் மூன்றாவது பூட்டுமுளை என்று மௌசரின் முதிர்ந்த கைவண்ணம் எங்கும் தெரியும். நீளம் 111 சென்டிமீட்டர். அதே ஆண்டு ஜெர்மனி தன் படைக்கு ஏற்றுக்கொண்ட காரபைனர் 98கே அதன் உடன்பிறப்பு.

அந்தக் குறுகிய நீளத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. எதிரே நின்ற ஜப்பானியரின் 38ஆம் ஆண்டு மாதிரி அரிசாக்கா துப்பாக்கி 127 சென்டிமீட்டருக்கும் மேல். பயனெட்டைச் செருகிக்கொண்டு இரு படைகளும் நேருக்கு நேர் மோதும்போது அந்த ஒரு சாண் இடைவெளி உயிரின் விலை. ஜோங்ஜெங்குக்கு நீளமான பயனெட் கொடுத்து அதை ஈடுகட்டப் பார்த்தார்கள். ஹன்யாங்குக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. பழைய காலத்து நெடுங்குழல் என்பதால் அரிசாக்காவுக்குக் கிட்டத்தட்ட ஈடான உயரத்தில் நின்றது. காலாவதியானது என்று ஒதுக்கப்பட்ட ஒரு பண்பு வேறொரு களத்தில் தகுதியாக மாறுவதைப் பார்க்கச் சிரிப்பும் வருகிறது, வியப்பும் வருகிறது.

1937 ஜூலையில் முழுப் போர் வெடித்தபோது ஜோங்ஜெங் செய்யத் தொடங்கி இரண்டே ஆண்டு. ஜெர்மானியப் பயிற்சி பெற்ற தேர்ந்த டிவிஷன்களுக்கே அதையும் அதன் மௌசர் உறவுகளையும் கொடுக்க முடிந்தது. அந்த டிவிஷன்கள் ஷாங்காய்ப் போரில் மூன்று மாதத்தில் பெரும்பாலும் கரைந்துபோயின. மற்ற பெரும்படையின் கையில் இருந்தது ஹன்யாங்தான். வடக்கே கம்யூனிஸ்டுகளின் எட்டாவது வழிப்படையின் தோளிலும் அதுவே தொங்கியது. ஒன்றையொன்று நம்பாத இரு கட்சிகளும் ஒரே துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தன.

1938 அக்டோபரில் ஹன்யாங்கை உள்ளடக்கிய ஊஹான் வீழ்ந்தது. ஆனால் ஜப்பானியர் ஹன்யாங்குக்குள் நுழைந்தபோது சாலை அங்கே இல்லை. கடைசல் இயந்திரங்களும் குழல் துளைக்கும் இயந்திரங்களும் அந்த ஆண்டின் நடுவிலேயே பெயர்த்தெடுக்கப்பட்டு ஹூனானின் சென்சிக்கும், பின்னர் மலைநகரமான சோங்சிங்குக்கும் போய்விட்டன. இதே காலத்தில் யாங்சியின் மேல்பகுதியில் நடந்த இடப்பெயர்வு தனிப் புத்தகத்துக்கு உரியது. யீச்சாங்குக்கு மேலே பள்ளத்தாக்குகள். பெரிய கப்பல் போகாது. குளிர்காலத்தில் ஆற்றுநீர் வற்றுவதற்குமுன் மிஞ்சியிருந்தது சுமார் நாற்பது நாள். மின்ஷெங் கப்பல் நிறுவனத்தின் லூ ஜுவோஃபூ, கனமான பெட்டிகள் எவ்வளவு தூரம், இலகுவானவை எவ்வளவு தூரம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, கரையில் குவிந்துகிடந்த தொழிற்சாலைகளைச் சிறு நீராவிக் கப்பல்களில் மேலேற்றினார். பல படைக்கலச் சாலைகளின் உயிர் அந்தக் கணக்கில் தொங்கியது.

சோங்சிங்கில் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பாறையைக் குடைந்து பட்டறை அமைத்தார்கள். ஹன்யாங் துப்பாக்கி செய்யும் பொறுப்பு 21ஆம் படைக்கலச் சாலையிடம் வந்தது. நாஞ்சிங்கிலிருந்து தப்பிவந்த பழைய ஜின்லிங் சாலைதான் அது. தலைவர் லீ செங்கான். வெளியே விமானங்கள் குண்டு போட, குகைக்குள் 1888ஆம் ஆண்டு மாதிரியைக் கடைந்துகொண்டிருந்தார்கள். ஜோங்ஜெங்குக்கு முழுதாக மாறத்தான் ஆசை. ஆனால் அதற்கான கருவிகளையும் அளவுமானிகளையும் புதிதாகச் செய்துமுடிக்கும்வரை போர் காத்திருக்காது. தெரிந்த துப்பாக்கியைத் தொடர்ந்து செய்வதே அறிவு என்று முடிவெடுத்தார்கள். 1944இல்தான் ஹன்யாங் நின்றது. அதுவரை செய்தவை பத்து லட்சத்துக்கும் மேல்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று கேட்டால் ஜோங்ஜெங் என்றுதான் சொல்வேன். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் பதில் வேறு. ஜோங்ஜெங்கின் அழகு முழுவதும் மௌசருடையது. ஹன்யாங்கில்தான் சீனக் கை தெரிகிறது. நெய் பூசிப் பீலி சூட்டி வைத்த படைக்கலத்தைவிட, முனை சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் படைக்கலத்தையே மெச்சிய ஔவையின் மரபு நம்முடையது. அந்த மரபில் வந்தவர்களுக்கு இந்தத் தேர்வு வியப்பாக இருக்காது.

சோங்சிங்கில் அந்தக் குகைப் பட்டறைகள் சில இன்று ஜியான்சுவான் அருங்காட்சியகமாக இருக்கின்றன. ஹன்யாங்கில், ஆமைக் குன்றின் பக்கத்துப் பழைய ஆலைக் கட்டடங்களில் ஓவியக் கூடங்களும் காபிக் கடைகளும் வந்துவிட்டன. அந்த வளாகத்துக்கு ஹன்யாங் துப்பாக்கியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கண்ணாடிக்குள் துப்பாக்கிகள் வரிசையாக இருந்தால், பெயர்ப்பலகையைப் படிக்குமுன் விசைக்கு முன்னால் மேகசின் துருத்துகிறதா என்று பாருங்கள். துருத்தாவிட்டால் அது பெரும்பாலும் மௌசர் குடும்பத்து ஜோங்ஜெங். துருத்தினால் குழலுக்குக் கண்ணை உயர்த்துங்கள். எஃகு உறை இருந்தால் அது ஜெர்மனியிலிருந்து வந்ததாகவோ ஹன்யாங்கின் முதல் பத்தாண்டில் பிறந்ததாகவோ இருக்கலாம். உறை போய் மரக்காப்பு வந்திருந்தால், சீனா நெடுங்காலம் தோளில் சுமந்த துப்பாக்கி அதுதான்.